தண்ணீருக்கு வழிவிடும் பாலம்

(காவிரிப் படுகை உழவர்களும் தச்சர்களும் பொறியியல் மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)

 

பாலத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பாலம் என்றதும் 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் உங்கள் நினைவுக்கு வரலாம். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. உங்கள் வீட்டுக் கொல்லையைத் தாண்டி, வயலுக்கு முன்னால், ஓர் ஒன்பதடி வாய்க்கால் ஓடுகிறதே, அதோடு நின்றுகொள்கிறேன். அந்த வாய்க்காலின் மேல் நீங்களும் உங்கள் ஊர் ஆசாரியும் நாலு ஆட்களும் சேர்ந்து போட்டுவிடக்கூடிய மரப்பாலம். அதுதான் இன்றைய பேச்சு.

சின்ன விஷயம்தானே என்று நினைக்காதீர்கள். ஒன்பதடி வாய்க்கால் கோடையில் பள்ளம், இறங்கி ஏறிவிடலாம். ஐப்பசி அடைமழையில் அதே ஒன்பதடி ஒரு வேலி. எதிர்க்கரையில் வயல், இந்தக் கரையில் வீடு. நாற்றுக்கட்டைத் தூக்கிக்கொண்டு மதகு இருக்கும் இடம்வரை போய்ச் சுற்றி வர வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்க வேண்டும். நடுராத்திரியில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டால் ஆம்புலன்ஸ் அந்தக் கரையில் நிற்கும். அவள் இந்தக் கரையில் இருப்பாள். இதையெல்லாம் தீர்த்துவைக்க ஒரு பெரிய திட்டம் வர வேண்டுமா? இரண்டு உத்தரமும் முப்பது பலகையும் போதும்.

ஆனால் போட்ட பாலம் நிற்க வேண்டுமே! நம் பக்கத்தில் மரப்பாலம் போடாத ஊர் உண்டா? போட்ட பாலம் பத்து வருஷம் நின்ற ஊர் எத்தனை? அங்கேதான் என் கேள்வி தொடங்குகிறது. ஒரு மரப்பாலத்தை எது அழிக்கிறது?

யாரைக் கேட்டாலும் பாரம் என்பார்கள். பாரம் தாங்குமா, பாரம் தாங்குமா என்றுதான் கேட்கிறோம். எருமையை நடக்கவிட்டுப் பார்க்கிறோம், நாலு பேர் ஏறிக் குதித்துப் பார்க்கிறோம். நான் சொல்கிறேன், பாரத்தைத் தாங்க வைப்பது எளிது. அது ஒரு மாலைநேரத்துக் கணக்கு. பாலத்தை அழிப்பது தண்ணீர். கீழே ஓடுகிற தண்ணீர், கரைக்குள் இறங்குகிற தண்ணீர், மரத்துக்குள் ஊறுகிற தண்ணீர். இந்த மூன்று தண்ணீருக்கும் வழிவிட்ட பாலம் நிற்கும். வழிமறித்த பாலம் போகும். இதுதான் இன்று நான் சொல்ல வந்த ஒரே சேதி.

முதலில் அந்த எளிய கணக்கை முடித்துவிடுவோம்.

இதோ என் கையில் இருப்பது பள்ளிக்கூடத்து மர அளவுகோல். இரண்டு முனையையும் இரண்டு புத்தகத்தின் மேல் வைக்கிறேன். தட்டையாக வைத்து நடுவில் விரலால் அழுத்துகிறேன். எப்படி வளைகிறது பாருங்கள்! இப்போது அதையே விளிம்பின் மேல் நிமிர்த்தி வைத்து அழுத்துகிறேன். அசைகிறதா? அதே மரம், அதே எடை, அதே விலை. நிறுத்திய விதம் மட்டுமே வேறு.

இதைக் கணக்காக எழுத முயன்றவர் கலிலியோ. வீட்டுக்காவலில் இருந்த கிழவர் எழுதிய நூல், 1638-ல் ஹாலந்தின் லெய்டன் நகரில் அச்சாயிற்று. வானத்தைப் பார்த்த அந்தக் கண் அதில் ஒரு மரச்சட்டத்தைப் பார்க்கிறது. சட்டத்தின் வலிமை அதன் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும் என்று அவர் கண்டு சொன்னார். இரண்டு அங்குலம் தடிமனும் ஆறு அங்குலம் அகலமும் உள்ள பலகையைப் படுக்கப் போட்டால் ஒரு பங்கு பலம். நிமிர்த்திப் போட்டால் மூன்று பங்கு. பின்னால் வந்தவர்கள் கண்ட இன்னொரு கணக்கின்படி, அதே பலகை வளையாமல் விறைத்து நிற்கும் தன்மை ஒன்பது பங்கு! ஆகவே ஆசாரிமார்களே, உத்தரத்தை அகலத்தில் வாங்காதீர்கள், உயரத்தில் வாங்குங்கள்.

உருண்டை மரத்திலிருந்து உத்தரம் அறுக்கப் போகிறீர்களா? சதுரமாக அறுக்கத்தான் கை போகும். பொறுங்கள். அடிமரத்தின் வட்ட முகத்தில் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். அதை மூன்று சம பங்காக்குங்கள். உள்ளே கிடைத்த இரண்டு புள்ளிகளில் ஒன்றிலிருந்து மேலேயும், மற்றதிலிருந்து கீழேயும், நேர் செங்குத்தாக வட்டத்தைத் தொடும்வரை கோடு இழுங்கள். அந்த இரண்டு முனைகளையும் முதல் கோட்டின் இரண்டு முனைகளோடு சேர்த்தால் ஒரு நீள்சதுரம் கிடைக்கும். அந்த மரத்திலிருந்து எடுக்கக்கூடிய மிக வலுவான உத்தரம் அதுதான். பன்னிரண்டு அங்குலக் குறுக்களவுள்ள மரத்தில் ஏறக்குறைய ஏழு அங்குல அகலமும் பத்து அங்குலத்துக்குச் சற்றே குறைந்த உயரமும் வரும். பொறியியல் பிள்ளைகள் வகைநுண்கணிதம் போட்டு இதைக் கண்டுபிடிப்பார்கள். ஆசாரிக்கு ஒரு கயிறும் கரிக்கட்டையும் போதும்.

சரி, எவ்வளவு பாரத்துக்குக் கட்டுவது? ஒரு ஆள் அறுபது கிலோ, தலையில் நெல் மூட்டை அறுபது கிலோ, கூட்டினால் நூற்றிருபது என்று கணக்குப் போடுவீர்கள். போதாது. ஊர்ப் பாலத்துக்கு உண்மையான சோதனை சாவு விழுந்த அன்றுதான். பாடையைத் தூக்குகிறவர்கள், மாற்றுத் தோள் கொடுக்கக் காத்திருப்பவர்கள், பறை அடிப்பவர்கள், பின்னால் வருகிற கூட்டம், எல்லாரும் ஒரே நேரத்தில் பாலத்தில் இருப்பார்கள். யாரையும் நிறுத்தி, இவ்விரண்டு பேராக வாருங்கள் என்று அன்றைக்குச் சொல்ல முடியுமா?

அதனால்தான் நடைபாதைப் பாலங்களுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 400 கிலோ என்று சாலைப் பொறியாளர்கள் கணக்கு வைக்கிறார்கள். நம் பாலத்துக்கு அதைப் போட்டுப் பார்ப்போம். தாங்கலுக்குத் தாங்கல் இடைவெளி 13 அடி. நடக்கிற அகலம் மூன்றேகால் அடி. பரப்பு நான்கு சதுர மீட்டர். அப்படியென்றால் 1,600 கிலோ. இருபத்தைந்து பேருக்கு மேல் நெருக்கியடித்து நிற்பதற்குச் சமம். இந்தப் பாரத்துக்கு, நான்கு அங்குல அகலமும் எட்டு அங்குல உயரமும் உள்ள, முடிச்சு இல்லாத, வைரம் பாய்ந்த தேக்கு உத்தரம் இரண்டு போதும். முழுப் பாரத்திலும் நடுவில் அரை அங்குலம்தான் தொய்யும்.

மோட்டார் சைக்கிள் போகுமா? போகும். எருமை போகுமா? போகும். டிராக்டர்? காலி டிராக்டரே இரண்டு டன்னைத் தொடும். மூன்றேகால் அடி அகலத்தில் அது ஏறவே முடியாது. அந்தக் குறுகல்தான் பாலத்துக்குக் காவல். கொஞ்சம் அகலமாகப் போட்டால் என்ன என்று யாராவது ஒருவர் கேட்பார். கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள். அகலமாகப் போட்ட பாலத்தில் என்றைக்காவது ஒருநாள் ஒரு டிராக்டர் ஏறும். பாலத்திலும் அகலக்கால் வைக்கக் கூடாது.

நீளத்திலும் அப்படித்தான். இடைவெளி இரண்டு மடங்கானால், நடுவில் நிற்கிற அதே ஒரு ஆளுக்கு உத்தரம் எட்டு மடங்கு தொய்யும். ஆகவே நான் சொன்ன அளவு 13 அடிக்கு. அதைத் தாண்டிப் போகிறவர்கள் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு நாள் கூலியைவிட அது பெரிய செலவல்ல.

தேக்குக்கு எங்கே போவது, எங்கள் ஊரில் இருப்பது பனையும் தென்னையும்தானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் தென்னந்தோப்புகள் பாய் விரித்த மாதிரிக் கிடந்தன. விழுந்த மரத்தைக் காசாக்க வழியில்லாமல் தவித்தோம். அதைப் பாலத்துக்குப் போட்டால் என்ன?

தொல்காப்பியர் மரபியலில் ஒரு பாகுபாடு செய்கிறார். உள்ளே வைரம் இருந்தால் மரம், வெளியே வைரம் இருந்தால் புல். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல்லினம். இன்றைய தாவரவியலும் அவற்றைப் புல்லும் நெல்லும் இருக்கும் ஒருவித்திலைக் கூட்டத்தில்தான் வைத்திருக்கிறது. பாலம் கட்டுகிறவனுக்கு இதில் என்ன இருக்கிறது? எல்லாம் இருக்கிறது! ஒரு உத்தரம் வளையும்போது அதன் மேல் முகம் நசுங்குகிறது, கீழ் முகம் இழுபடுகிறது, நடுப்பகுதிக்கு அதிக வேலை இல்லை. பனைமரமோ தன் பலத்தையெல்லாம் ஓரத்தில் வைத்திருக்கிறது. வேலை நடக்கும் இடத்தில் பலம் இருக்கிறது. ஆகவே வளைவைத் தாங்குவதில் முற்றிய பனைக்கு ஈடு குறைவு. ஓட்டு வீடுகளில் பனங்கை வைத்த நம் பாட்டன்மார்கள் இதைக் கையால் அறிந்தவர்கள்.

ஆனால் அதே பனையும் தென்னையும் உள்ளே சோறு. அடிமரத்தின் வெளிப்புறம் ஒரு கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் கனக்கும் தென்னை, நடுத்தண்டில் 400 கிலோகூட இருக்காது. முழு மரத்தை உருட்டி வாய்க்காலில் போட்டுவிடுகிறோமே, அப்போது என்ன ஆகிறது? வெட்டிய முகத்தின் வழியாக மழை அந்தச் சோற்றுக்குள் இறங்குகிறது. இரண்டு மூன்று மழைக்காலம் போனால் வெளியே மரம் போலவே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. போதாக்குறைக்கு மேல்பக்கம் உருண்டை. பாசி பிடித்தால் காக்காய்கூட வழுக்கும். ஆகவே பனை, தென்னையை முழுசாகப் போடாதீர்கள். அடிமரத்தை எடுங்கள், நீளவாக்கில் பிளங்கள், சோற்றைச் செதுக்கித் தள்ளுங்கள், ஓரத்து வைரத்தைச் சட்டமாக்கிச் சேர்த்துப் போல்ட் போடுங்கள். பனையை வெட்டும் முன் இன்னொன்று. அது நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்திருக்கிறது. பட்டுப்போனதையும் விழுந்ததையும் முதலில் தேடுங்கள்.

பாரத்தின் கதை முடிந்தது. இனி தண்ணீரின் கதை.

முதல் தண்ணீர், கீழே ஓடுகிற தண்ணீர். பாலம் போடப் போகிறவர் முதலில் செய்ய வேண்டிய வேலை என்ன? டேப்பை நீட்டி அகலம் அளப்பதா? இல்லை. வெள்ளம் எதுவரை வந்தது என்று பார்ப்பது! கரையோரப் புதரில் எந்த உயரத்தில் வைக்கோலும் பாலித்தீன் பையும் தொங்குகிறது? பூவரச மரத்தில் சேற்றுக்கோடு எங்கே நிற்கிறது? அந்தத் தெருவிலேயே வயதான ஒரு பாட்டியிடம், பெரிய வெள்ளம் வந்த வருஷம் எந்தப் படிவரை தண்ணீர் ஏறியது என்று கேளுங்கள். வருஷத்தை மாற்றிச் சொன்னாலும் படியை மாற்றிச் சொல்ல மாட்டாள். அந்த மட்டத்துக்கு மேலே ஒன்றரை அடி, முடிந்தால் இரண்டு அடி விட்டு உத்தரத்தின் அடி முகம் இருக்கட்டும். கரை தாழ்வாக இருந்தால் இரண்டு பக்கமும் படி வையுங்கள். பாலத்தைத் தாழ்த்தாதீர்கள்.

ஓடுகிற தண்ணீருக்கே இரண்டாவது விதி, வாய்க்கால் நடுவில் கால் ஊன்றாதீர்கள். நடுவில் ஒரு கால் கொடுத்தால் உத்தரம் பாதியாகச் சுருங்குமே, செலவு குறையுமே என்று தோன்றும். நம் வாய்க்காலில் ஓடுவது வெறும் தண்ணீரா? ஆகாயத்தாமரை மிதந்து வருகிறது. நெய்வேலிக் காட்டாமணக்கு வேரோடு வருகிறது. வாழைத்தண்டு வருகிறது, யாரோ வீசிய மெத்தை வருகிறது. நடுக்காலில் முதலில் ஒரு ஆகாயத்தாமரைச் செடி சிக்குகிறது. அதைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. ஒரு ராத்திரியில் கரைக்குக் கரை பச்சைச் சுவர்! அதன் பின்னால் தண்ணீர் ஏறுகிறது, பக்கத்துக் கரையை உடைத்துக்கொண்டு வயலுக்குள் பாய்கிறது. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்கு. போதாததற்கு, ஊன்றிய காலைச் சுற்றித் தண்ணீர் சுழன்று அடிமண்ணைத் தோண்டிக்கொண்டு போகிறது. நம் பாலத்துக்காக அடுத்தவன் பயிர் மூழ்கலாமா? ஒரே தாவலில் தாண்டுங்கள். நடுவழியைத் தண்ணீருக்கு விட்டுவிடுங்கள்.

மூன்றாவது விதி, பலருக்கு வியப்பாக இருக்கும். எவ்வளவு உயரத்தில் போட்டாலும் என்றைக்காவது ஒருநாள் வெள்ளம் பாலத்தைத் தொடும். அப்போது மரப்பாலம் என்ன செய்யும்? மிதக்கும்! நான் சொன்ன அளவில் உத்தரமும் பலகையும் சேர்ந்து சுமார் 230 கிலோ எடை. முழுக்க மூழ்கினால் அது ஒதுக்கும் தண்ணீரின் எடை சுமார் 360 கிலோ. மிச்சம் 130 கிலோ விசை அதை மேலே தூக்கும். மேலே தூக்கினது ஓட்டத்தோடு போய்விடும். அப்படியானால் இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டிவிடலாமா? கட்டினால் அது குறுக்கே விழுந்த அணை. வருகிறதையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டு கடைசியில் கரையையும் பிய்த்துக்கொண்டு போகும்.

அமெரிக்க மலைக்காட்டுப் பாதைகளில் சிற்றோடை மேல் பாலம் போடுகிறவர்கள் ஒரு வழி செய்கிறார்கள். ஒரு முனையை மட்டும் கம்பிவடத்தால் கரையிலிருக்கும் பெரிய மரத்திலோ பாறையிலோ கட்டுகிறார்கள். மறு முனை தாங்கலில் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. வெள்ளம் வந்து தூக்கினால் பாலம் கதவு திறப்பதுபோல் திரும்பிக் கரையோரம் ஒதுங்கிவிடுகிறது. வெள்ளம் வடிந்ததும் நாலு பேர் இழுத்து மறுபடி பொருத்துகிறார்கள். எவ்வளவு எளிய யோசனை! நாமும் செய்யலாம். ஒரு முனையில் நல்ல சங்கிலி. மறு முனையில் பக்கவாட்டில் நகராமல் தடுக்க மட்டும் இரண்டு முளை. ஓங்கி வருகிற வெள்ளத்தோடு மல்லுக்கு நிற்பதில் பெருமை இல்லை. ஒதுங்கி நின்று, மறுநாள் காலை வேலைக்கு வருகிற பாலமே நமக்கு வேண்டும்.

இரண்டாவது தண்ணீர், கரைக்குள் இறங்குகிற தண்ணீர். நம் படுகைக் களிமண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். ஐப்பசியில் ஊதி மூடிக்கொள்ளும். அந்த மண்ணின் விளிம்பில் உத்தரத்தின் முனையை வைத்தால் என்ன ஆகும்? மரம் நன்றாகத்தான் இருக்கும், அதன் அடியிலிருந்த கரை சரிந்திருக்கும். விளிம்பிலிருந்து இரண்டடி கண்ணை மூடிக்கொண்டு தள்ளிப்போங்கள். ஒன்பதடி வாய்க்காலுக்கு 13 அடி இடைவெளி என்று நான் கணக்குப் போட்டது இதனால்தான். அதற்கும் அப்பால் ஒவ்வொரு பக்கமும் ஒரு அடி தாங்கலில் உட்கார, உத்தரத்தின் முழு நீளம் 15 அடி.

தாங்கல் வைக்கும் இடத்தில் உட்கார்ந்து கரையை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். நண்டு வளை தெரியும், எலி வளை தெரியும். ஒரு வளைக்குள் மெல்லிய குச்சியை விட்டுப் பாருங்கள், முழங்கை அளவு போகும். தண்ணீருக்குக் கரைக்குள் நுழைய அதைவிட நல்ல வாசல் வேறு வேண்டுமா? வெடிப்பு முடிகிற ஆழம்வரை தோண்டுங்கள். வளைகளை வெட்டியெடுத்து, மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டுத் திமிசு கட்டையால் இடியுங்கள். மேலே சரளை, அதன் மேல் பழைய வீட்டுப் படிக்கல் ஒன்றை இரசமட்டம் பார்த்து வையுங்கள். பக்கத்தில் வெட்டிவேர் நடுங்கள். மேலே அடக்கமாக நிற்கும் அந்தப் புல்லின் வேர் பத்தடிகூட நேராகக் கீழே இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது தண்ணீர், மரத்துக்குள் ஊறுகிற தண்ணீர். மூன்றிலும் மிகப் பொல்லாதது இதுதான். வெள்ளம் சத்தம் போட்டுக்கொண்டு வருகிறது, கரை வெடித்துக் காட்டுகிறது, இதுவோ சொல்லாமல் வருகிறது.

மரம் ஏன் உளுக்கிறது? காளான் தின்கிறது. காளானுக்கு என்ன வேண்டும்? ஈரம் வேண்டும், காற்று வேண்டும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இருந்தால் காளானுக்குப் பிழைப்பில்லை. அடியோடு தண்ணீருக்குள் மூழ்கிக் காற்றே கிடைக்காவிட்டாலும் பிழைப்பில்லை. கிணற்றின் அடியில் நெல்லி மரத்தைப் போட்டு வைத்தார்களே நம் பெரியவர்கள், அது தலைமுறை தலைமுறையாகக் கிடந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருக்கிறீர்களா? அவ்வளவு மழை பெய்கிற சீமையில் அந்த மரவேலை நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கிறது. தாழ இறங்கிய இறவாரம் மழையை மரத்தின்மேல் விழவிடுவதில்லை. ஆக, முழுக்க நனைந்த மரம் பிழைக்கிறது, முழுக்கக் காய்ந்த மரம் பிழைக்கிறது. நனைந்தும் காயாமலும் இருக்கிற மரம்தான் சாகிறது.

நம் பாலத்தில் அப்படிப்பட்ட இடம் எது? உத்தரத்தின் முனை. மரத்தின் நரம்புக்குக் குறுக்கே இறங்குவதைவிட நரம்போடு தண்ணீர் பல மடங்கு வேகமாக ஏறும். அந்த முனையைத்தான் நாம் மண்ணில் புதைக்கிறோம்! இன்னும் அக்கறை கூடிப்போனால் சுற்றிலும் கான்கிரீட் போட்டு இறுக்குகிறோம். அது காப்பு என்று நினைக்கிறோம். மழைத்தண்ணீர் கான்கிரீட்டுக்கும் மரத்துக்கும் நடுவே இறங்கும். இறங்கினது ஏற வழியில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க முனை ஊறிக்கொண்டே கிடக்கும். முனையைக் கல்லின் மேல் வையுங்கள், நடுவே பழைய டயர்த் துண்டு ஒன்றைப் போடுங்கள். நாலு பக்கமும் இரண்டு விரல்கடை காற்றோட்டம் விடுங்கள். வெட்டுமுகத்தில் இரண்டு மூன்று பூச்சு பெயிண்ட் அடியுங்கள்.

அடுத்த இடம், உத்தரத்தின் தலையும் பலகையின் அடியும் ஒட்டுகிற இடம். உத்தரத்தின் மேல் நீளத்துக்கு ஒரு தகரப் பட்டையை, இரண்டு பக்கமும் அரை அங்குலம் நீட்டிக் கீழ்நோக்கி மடக்கிப் போடுங்கள். பலகைக்கும் பலகைக்கும் கால் அங்குலம் இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில் மண் அடைத்துக்கொண்டால் அதுவே ஈரத்துக்கு வீடு. ஆகவே வாரம் ஒருமுறை பாலத்தையும் பெருக்க வேண்டும். வாசல் பெருக்குகிற கைக்கு அது எத்தனை நேரத்து வேலை? துருப்பிடிக்காத நாகப்பூச்சு போல்ட்டு வாங்குங்கள். வழுக்காமலிருக்க ரீப்பர் கட்டை அடியுங்கள். பிள்ளைகள் போகிற பாலம் என்றால் இரண்டு பக்கமும் கைப்பிடி கட்டாயம்.

எதைப் பூசுவது? வண்டி ஷெட்டில் கிடைக்கிற கழிவு ஆயிலைப் பூசுகிற பழக்கம் இருக்கிறது. வேண்டாம். அது சொட்டுவது நம் மாடு குடிக்கிற தண்ணீரில். வெண்காரமும் போரிக் அமிலமும் கரையானுக்கு நல்ல மருந்து, ஆனால் வெட்டவெளி மழையில் கரைந்து போய்விடும். படகுக்காரர்கள் பூசுகிற முந்திரிக்கொட்டை எண்ணெய் இருக்கிறது. மரத்தைப் பாதுகாக்கும் முறைகளுக்கு ஐ.எஸ். 401 என்று இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது, கல்லூரிப் பிள்ளைகள் அதை எடுத்துப் படித்து ஆசாரிக்குச் சொல்லலாம். ஆனால் எந்தப் பூச்சும் இரண்டாம் பட்சம். தண்ணீர் நிற்காமல் வடிந்துவிட்டால் பாதி மருந்து அங்கேயே கொடுத்தாயிற்று.

பெருமக்களே! மரப்பாலம் என்றாலே தற்காலிகம் என்று ஒரு நினைப்பு நமக்கு இருக்கிறது. பர்மாவில் மண்டலேக்குப் பக்கத்தில் அமரபுரம் என்ற ஊர். அங்கே ஓர் ஏரியின் குறுக்கே தேக்குமரத்தாலான ஊ பெயின் பாலம். 1850 வாக்கில், பழைய அரண்மனையிலிருந்து கழித்த மரத்தைக் கொண்டு கட்டினார்கள். நீளம் 1.2 கிலோமீட்டர். அவ்வப்போது கால்களை மாற்றிக்கொண்டு, இன்றைக்கும் அதன்மேல் மனிதர்கள் நடந்து போகிறார்கள்.

ஜப்பானில் இவாகுனி என்ற ஊரில் கிண்டாய் பாலம். ஐந்து வளைவுகளாக 1673-ல் கட்டினார்கள். மறு வருஷமே வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று! என்ன செய்தார்கள்? மரம் ஆகாது என்று கைவிட்டார்களா? கல்தூண்களைப் பலப்படுத்தினார்கள். பராமரிப்புக்கென்றே தனி வரி போட்டார்கள். நடு வளைவுகள் மூன்றையும் இருபது வருஷத்துக்கு ஒருமுறை, கரையோர வளைவுகள் இரண்டையும் நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை, உளுக்கும் முன்னாலேயே பிரித்துப் புதிதாகச் செய்தார்கள். அப்படி 276 வருஷம் நின்றது. 1950-ல் ஒரு சூறாவளி வெள்ளத்தில் போனது. 1953-ல் அதே வடிவத்தில் மறுபடி கட்டினார்கள். நிரந்தரம் அந்த மரத்திலா இருந்தது? இருபது வருஷத்துக்கு ஒருமுறை வேலைக்கு வந்து நின்ற ஊரில் இருந்தது. தகப்பன் பிரித்துக் கட்டும்போது உளி எடுத்துக் கொடுத்த மகன், அடுத்த முறை தானே கட்டினான். பாலமும் நின்றது, தொழிலும் நின்றது.

ஆகவே உங்கள் பாலத்தையும் பிரிக்கிற மாதிரிக் கட்டுங்கள். ஆணி அடித்து மூடாமல் போல்ட்டு போட்டு முடுக்குங்கள். ஒரு பலகை போனால் ஒரு பலகையை மட்டும் மாற்றுகிற மாதிரி இருக்கட்டும். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு கூர்மையான ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய் உத்தரத்தின் முனையில் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும், உளுத்த மரம் உள்ளே விடும். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த உத்தரத்துக்கு நாள் குறித்துவிடுங்கள்.

இனி ஊர் விஷயம். கொல்லைப்புறம் நம்முடையதாக இருக்கலாம், அதன் ஓரமாக ஓடுகிற வாய்க்கால் பெரும்பாலும் அரசுப் புறம்போக்கு. கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தைப் பார்த்துத் தெளிவாகிக்கொள்ளுங்கள். நீர்வளத்துறை வாய்க்கால் என்றால் அவர்களிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். தூர்வார இயந்திரம் வருகிற நாளில் பாலம் தடையாக நிற்கும். பிரித்து எடுத்துவிடுவோம் என்று எழுதியே கொடுங்கள். பிரிக்கக்கூடிய பாலம் கட்டியவருக்கு அதில் என்ன கஷ்டம்? மேல்மடைக்காரர், கீழ்மடைக்காரர் இருவரையும் வேலை தொடங்கும் முன் ஒருமுறை கூட்டி வந்து காட்டுங்கள். தண்ணீருக்கு எந்தத் தடையும் இல்லை என்று அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டால், நாளைக்கு அவர்களும் அதில் நடப்பார்கள். உத்தரம் தூக்குகிற அன்றைக்கு இரண்டு கை கூடவும் வரும்.

எப்போது தொடங்குவது? நம் நாட்காட்டி மேட்டூர் அணையில் இருக்கிறது. ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு என்பது வழக்கம். ஆகவே இந்த மழைக்காலத்தைப் பார்க்கிற காலமாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எதுவரை ஏறுகிறது, எந்தப் பக்கம் கரை கரைகிறது, எங்கே செத்தை சிக்குகிறது என்று பார்த்து, கரை மரத்தில் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். மரத்தை இப்போதே வாங்கிக் கொட்டகையில் காற்றோட்டமாக அடுக்கி உலரவிடுங்கள். அறுவடை முடிந்து வாய்க்கால் வற்றியதும், மாசியில் தாங்கலுக்குத் தோண்டுங்கள். பங்குனியில் கல்லை வைத்து உத்தரத்தை ஏற்றுங்கள். சித்திரையில் பலகையும் கைப்பிடியும். வைகாசி பிறக்கும்போது சங்கிலியை மாட்டிவிடுங்கள். குறுவைக்குத் தண்ணீர் வருகிற அன்று அது உங்கள் பாலத்தின் அடியில், எதிலும் முட்டாமல், கடைமடைக்குப் போகட்டும்.

இங்கே இருக்கிற ஒவ்வொரு கல்லூரி மாணவரும் ஒரு ஆசாரியின் பெயரையும் கைபேசி எண்ணையும் குறித்துக்கொண்டு இந்த அரங்கை விட்டுப் போங்கள். ஒவ்வொரு ஆசாரியும் ஒரு மாணவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு மரம் தெரியும், உனக்குக் கணக்கு தெரியும். உழவருக்குத் தண்ணீர் தெரியும். மூவரும் ஒரே கரையில் நின்றால் ஒன்பதடி ஒரு தூரமா?